எழுபத்தைந்துக்கு எண்பத்தைந்து

உட்காருங்கள். ஜாடியில் இடிக்காமல் உட்காருங்கள்.

ஆமாம், ஈதான். உயிரோடு இருக்கிற ஈ. அழுகின பழத்தில் மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. இது பறக்காத ரகம். அதனால் நீங்கள் நகர்ந்து உட்கார வேண்டியதில்லை. வாய்க்குத் துணி கட்டியிருக்கிறேன். வாடை வருகிறது என்றால் அது வாழைப்பழமும் வினிகரும். ஈயுடைய சாப்பாடு. என்னுடையது இல்லை.

எதற்கு என்று கேட்கப்போகிறீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். தவளைக்கு. ஒண்டிப்புதூரில் என் வீட்டில் இரண்டு தவளை இருக்கிறது. நீலத் தவளை. பேனா மை மாதிரி நீலம், முதுகில் கறுப்புப் பொட்டு. கட்டைவிரல் நீளம்தான். விஷ அம்புத் தவளை என்று பேர். தென் அமெரிக்கக் காட்டில் அம்பு நுனியில் இதன் விஷத்தைத் தடவுவார்களாம். ஆனால் வீட்டில் ஈ தின்று வளர்ந்தால் விஷம் கிடையாது. விஷமே இல்லாத விஷத்தவளை. அதற்குத்தான் இவ்வளவு மரியாதை.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? சிங்காநல்லூரா. சரி. வடவள்ளியில் ஏறியாயிற்று, இந்த வண்டி போகிற வேகத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்காதீர்கள்.

தவளை முதலில் என்னுடையது இல்லை. மாப்பிள்ளையுடையது. திருக்குமரன் என்று பேர், பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை. நல்ல மனிதர். ஆனால் ஆபீஸ் விட்டு வந்தால் தவளை, எழுந்தால் தவளை. பதிவு பண்ணி, காகிதமெல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். ஓர் அறையையே அதற்குக் கொடுத்துவிட்டார். கண்ணாடித் தொட்டி, உள்ளே பாசி, செடி, தேங்காய்ச் சிரட்டையில் ஒரு வீடு. அந்த அறைக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஏசி. நான் இருந்த அறைக்கு ஃபேன்.

நான் ஏன் மகள் வீட்டில் இருந்தேன் என்றால், அது சுகந்தியின் பிடிவாதம். என் வீட்டில் தனியாகத்தான் இருந்தேன். ஒரு நாள் கேஸைத் திறந்துவிட்டேன், பற்ற வைக்க மறந்துவிட்டேன். ஒரே ஒரு நாள். பேப்பரில் ஏதோ முக்கியமான செய்தி. அப்புறம் இரண்டு தடவை மோட்டார் ஓடித் தெருவெல்லாம் தண்ணீர். மோட்டாரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, யாருக்கும் மறக்கும். சுகந்தி சேர்த்துவிட்டாள். பெட்டியைக் கட்டி வடவள்ளிக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

மகள் வீட்டில் குறை ஒன்றும் இல்லை. எல்லாம் மெத்தையாக இருக்கும். உட்கார்ந்தால் எழ முடியாது. எதைத் தொட்டாலும் "அப்பா, நான் பண்றேன்" என்பாள். பதினோரு மாதம் எதையுமே தொடவில்லை. என் வீட்டுக்குப் போகிறேன் என்று தினமும் கேட்டேன். தினமும் பேச்சை மாற்றினாள்.

ஏப்ரலில் மாப்பிள்ளையைக் கம்பெனி மூன்று வாரம் ஜெர்மனிக்கு அனுப்பியது. சுகந்தியும் கூடப் போக வேண்டும். தவளையை யார் பார்ப்பது? நான் பார்க்கிறேன் என்றேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் சுகந்திதான் சொன்னாள். "மூணு வாரம் இதுகளுக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்குங்கப்பா. அப்புறம் நீங்க ஒண்டிப்புதூர் போறதைப் பத்திப் பேசலாம்."

அவ்வளவுதான். தவளை பிழைத்தால் என் வீடு. செத்தால் மெத்தை.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் தெரியுமா? நான் முப்பத்து நாலு வருடம் நூல் மில்லில் ஹியூமிடிட்டி பிளான்ட் ஆபரேட்டர். காற்றுக்கு ஈரம் ஏற்றுவதும் இறக்குவதும்தான் என் வேலை. காற்று காய்ந்தால் நூல் அறும். ஈரம் மிஞ்சினால் உருளையில் சுற்றிக்கொள்ளும். நடுவில் ஒரு நூலிழை இடம் இருக்கிறது, அங்கே நிறுத்த வேண்டும். எட்டாயிரம் நூற்புக் கதிருக்கு நிறுத்தியவன், இரண்டு தவளைக்கு நிறுத்த மாட்டேனா?

மாப்பிள்ளை ஒரு சீட்டு எழுதித் தொட்டியில் ஒட்டிவிட்டுப் போனார். எப்போது தண்ணீர் தெளிப்பது, எத்தனை ஈ போடுவது, எல்லாம். மேலே பெரிதாக 75/85 என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தார். இதை மட்டும் விட்டுடாதீங்க மாமா என்று ஏர்போர்ட் போகிற வழியில் போனிலும் சொன்னார்.

பார்த்ததும் எனக்கு மாப்பிள்ளை மேல் மரியாதை வந்துவிட்டது. அட, நம் ஆள் என்று நினைத்தேன். எங்கள் மில்லில் அப்படித்தான் எழுதுவோம். இரண்டு தெர்மாமீட்டர் தொங்கும். ஒன்றின் குண்டில் ஈரத் திரி சுற்றியிருக்கும், அது வெட். இன்னொன்று சும்மா, அது டிரை. காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு வெட் கீழே இறங்கி நிற்கும். இரண்டையும் பாரன்ஹீட்டில் படித்து நடுவில் கோடு போட்டு எழுத வேண்டும். முதலில் வெட், பிறகு டிரை. 75/85. ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட்டுக்கு அச்சு அசலான கணக்கு. தவளையும் நூலும் ஒரே ரகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அறையில் சுவிட்ச் அளவில் ஒரு மீட்டர் வைத்திருந்தார், பேட்டரி போட்டது. பேட்டரி போட்ட எதையும் நான் நம்புவதில்லை. கழற்றி மேஜை டிராயரில் போட்டேன். ரிட்டயர் ஆகும்போது மில்லில் கேட்டு வாங்கிய என் சொந்தத் தெர்மாமீட்டர் ஜோடியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். டிரை எழுபத்தைந்து காட்டியது. பத்து டிகிரி குறைவு.

ஏசியை அணைத்தேன்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? கேளுங்கள்.

ஏப்ரல் வெயிலில் ஏசி இல்லாமல் விட்டால் அந்த அறை தொண்ணூறைத் தாண்டும். தாண்ட விட்டேனா? ஜன்னலில் சாக்கை நனைத்துக் கட்டினேன். ஃபேனைத் திருப்பி வைத்தேன். அரை மணிக்கு ஒரு தடவை சாக்கை நனைத்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வெட் எழுபத்தைந்து, டிரை எண்பத்தைந்து. ஒரு டிகிரி பிசகவில்லை. மணிக்கு மணி நோட்டில் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் ஆபரேட்டர் சென்னியப்பன் என்று கையெழுத்தும் போட்டேன். என் சர்வீஸில் அவ்வளவு சுத்தமாக ஒரு ஷிப்ட் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை தினமும் சாயங்காலம் கூப்பிடுவார். எப்படி இருக்குதுங்க மாமா என்பார். எழுபத்தைந்து எண்பத்தைந்து என்பேன். சூப்பருங்க மாமா என்பார். அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

தவளைகளும் நல்ல ஒழுங்குக்கு வந்துவிட்டன. முதல் நாள் அங்கே இங்கே குதித்துக்கொண்டு, செடி மேல் ஏறிக்கொண்டு இருந்தவை, இரண்டாம் நாள் அடங்கிவிட்டன. தண்ணீர்க் கிண்ணத்தில் வயிறு நனையப் படுத்துக்கொண்டு அசையவே இல்லை. குண்டாக இருந்ததற்கு மாஸ்டர் என்று பேர் வைத்திருந்தேன். எங்கள் ஸ்பின்னிங் மாஸ்டர் அப்படித்தான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நிற்பார். ஒல்லியானது மேஸ்திரி. மாஸ்டர் மூன்று நாளாக ஈயைத் தொடவில்லை. வயிறு நிறைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

எதிர்வீட்டில் வசந்தாமணி என்று ஓர் அம்மாள். ரேஷன் கடையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். சுகந்தி ஊருக்குப் போன நாளிலிருந்து காலையும் மாலையும் வந்து நிற்பாள். பொழுது போகாத ஆள். அளவாகச் சமைக்கவும் தெரியாது. தினமும் சரியாக நான்கு இட்லி மிஞ்சிவிடும், சட்னியும் மிஞ்சிவிடும். வீணாகப் போகக் கூடாது என்று நான் சாப்பிட்டேன். தவளை அறைக்குள் மட்டும் வர மாட்டாள். விஷம் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குக் கரண்ட் போய்விட்டது. மாதம் ஒரு தடவை பராமரிப்புக்கென்று நிறுத்துவார்கள், சாயங்காலம் ஐந்துக்குத்தான் வரும். ஃபேன் நின்றது. டிரை எண்பத்தாறு, எண்பத்தேழு என்று ஏறத் தொடங்கியது. நான் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தேன். வசந்தாமணி இட்லியோடு வந்தாள். எட்டித் தொட்டியைப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, இதுக தூங்குதா சாகுதா?"

ஓய்வு எடுக்கின்றன என்றேன்.

அவள் நம்பவில்லை. ரேஷன் கடைக்காரி எதைத்தான் நம்புவாள்? வாசலில் நின்றபடியே நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். மாப்பிள்ளையின் சீட்டைத் தொட்டியிலிருந்து பிரித்து முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள்.

"எழுபத்தஞ்சு டிகிரி, எண்பத்தஞ்சு பர்சன்ட்டுன்னு போட்டிருக்குது."

பர்சன்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"இதா, பக்கத்துல."

"அது ஈ."

"ஈயில்லீங்கண்ணா."

"ரெண்டு ஈ நசுங்கி, நடுவுல இழுவிக் கெடக்குது. நல்லாப் பாரு."

நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். அப்போதும் வரவில்லை. நோட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

நீங்களே சொல்லுங்கள். அந்த வீட்டில் எந்தக் காகிதத்தில் ஈ நசுங்காமல் இருந்தது? கரண்ட் பில்லில் ஈ, காலண்டரில் ஈ. பர்சன்ட் போடுகிறவர் பர்சன்ட் மாதிரி போட வேண்டாமா? இரண்டு பொட்டும் ஒரு கீற்றும் போட்டால் யார் கண்டது? என் மேல் இதில் தப்பு இல்லை. படித்த எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். யாரும் பதில் சொல்வதில்லை.

டிராயரிலிருந்து அந்தப் பேட்டரி மீட்டரை எடுத்து வந்து பார்த்தேன். சூடு எண்பத்தெட்டு. ஈரம் ஐம்பத்து மூன்று. சூடு எழுபத்தைந்து இருக்க வேண்டிய இடம், ஈரம் எண்பத்தைந்து இருக்க வேண்டிய இடம். மூன்று நாள் அந்த ஜீவன்களை வேக வைத்திருக்கிறேன். அதுவும் ஒரு டிகிரி பிசகாமல்.

மாஸ்டர் கிண்ணத்தில் கைகால் பரப்பிக் கிடந்தார். ஈர்க்குச்சியால் தொட்டேன். அசையவில்லை. கால்விரல் மட்டும் லேசாக மடங்கியது. எனக்கு வீடு போயிற்று என்று தோன்றவில்லை. அந்த விரல்தான் தெரிந்தது. சரி, அதை விடுங்கள்.

ஏசி போடக் கரண்ட் இல்லை. வசந்தாமணி ஐஸ் வாங்கி வரட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். பட்டென்று குளிர்ந்தால் நூலே அறுந்துவிடும், தவளை என்ன ஆகும்?

அப்போது என் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். டிரை ஏறிக்கொண்டே போகிறது. வெட் எழுபத்து நாலிலேயே நிற்கிறது. வெட் என்பது என்ன? ஈரத் துணியில் காற்றுப் பட்டால் எதுவரைக்கும் குளிரும் என்கிற கணக்கு. அதாவது தண்ணீரும் காற்றும் இருந்தால் எழுபத்து நாலு, எழுபத்தைந்துக்கு இறக்கலாம். இறங்கும்போதே ஈரமும் ஏறிவிடும். மாப்பிள்ளை கேட்ட இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும். எங்கள் பிளான்ட் முப்பத்து நாலு வருடமாகச் செய்தது இதைத்தான். அங்கே நூறு குதிரைசக்தி மோட்டார். இங்கே நானும் வசந்தாமணியும்.

ஜன்னலை முழுசாகத் திற என்றேன். வெளியே அனலடிக்குதுங்களே என்றாள். அடிக்கட்டும், காய்ந்த காற்றுதான் வேண்டும், அறையை மூடினால் ஈரம் புழுங்கி வெட் கணக்கும் ஏறிவிடும் என்றேன். புரியவில்லை, ஆனால் திறந்தாள். அதற்காக உள்ளே வந்துவிட்டாள், கவனித்தீர்களா? விஷம் மறந்துவிட்டது.

தொட்டியைச் சுற்றிக் கட்டத் துணி வேண்டும். மெல்லிய பருத்தித் துணி, தண்ணீர் நன்றாக இழுக்க வேண்டும். சுகந்தியின் அலமாரியில் எல்லாம் வழவழப்பு. யோசிக்க நேரமில்லை. என் வேட்டியை அவிழ்த்து நனைத்துத் தொட்டியைச் சுற்றினேன். நான் துண்டோடு நின்றேன். வசந்தாமணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த முறத்தால் பின்பக்கமாக விசிறினாள். காற்று காலண்டருக்குப் போயிற்று. ஒழுங்காகத் திரும்பி விசிறு, நான் உன் அண்ணன் என்றேன். எங்க அண்ணன் வேட்டியோட இருப்பாருங்க என்றாள்.

பத்து நிமிடம் அவள், பத்து நிமிடம் நான். நான் வேட்டியை நனைப்பேன், அவள் விசிறுவாள். நான் விசிறுவேன், அவள் ரேஷன் கடைக் கதை சொல்வாள். பதினோரு மணிக்கு டிரை எண்பத்து மூன்று. பன்னிரண்டுக்கு எண்பது. பிறகு அங்கேயே நின்றுவிட்டது. கை போயிற்று. அவளுக்குத் தோள் வலி, எனக்கு இடுப்பு. தண்ணீர்க் குடம் காலி. கீழ் வீட்டுக் குழாயிலிருந்து நான்கு குடம் சுமந்தேன். இரண்டாவது சாக்கையும் நனைத்துக் கட்டினோம். ஒன்றரைக்கு எழுபத்தெட்டு. மூன்று மணி பத்து நிமிடத்துக்கு டிரை எழுபத்தாறு, வெட் எழுபத்து நாலு. மீட்டரில் ஈரம் தொண்ணூறு.

மேஸ்திரி முதலில் கிண்ணத்தை விட்டு இறங்கினார். மாஸ்டர் இறங்கவில்லை. வசந்தாமணி முறத்தை நிறுத்தவே இல்லை. நாலு மணி ஆயிற்று. பிறகு ஓர் ஈ கிண்ணத்து ஓரமாக நடந்து போயிற்று. மாஸ்டர் கண்ணைத் திருப்பினார். நாக்கு வந்து போனது எனக்குத் தெரியவில்லை. ஈயைக் காணோம், அவ்வளவுதான்.

வசந்தாமணி மூக்கைச் சிந்திக்கொண்டாள். எனக்கும் மூக்கு ஒழுகிற்று, சளி இல்லை. தூசி.

ஐந்துக்குக் கரண்ட் வந்தது. ஏசி போட்டேன். ஐந்தேகாலுக்கு மாப்பிள்ளை கூப்பிட்டார். எழுபத்தைந்து எண்பத்தைந்து என்றேன். சூப்பருங்க மாமா என்றார்.

அதன்பிறகு பதினேழு நாள் ஒரு பிசகும் இல்லை. ஆனால் நோட்டு இருக்கிறதே. முதல் மூன்று நாள் மணிக்கு மணி எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்தோடு. வசந்தாமணி அந்தப் பக்கங்களைக் கிழிச்சிருங்கண்ணா, யாருக்குத் தெரியப்போகுது என்றாள். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் கிழிக்கத்தான் நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தும்விட்டேன். கிழிக்கவில்லை. பக்கத்துக்கு எண் போட்டிருந்தேன், கிழித்தால் தெரிந்துவிடும். அதனால்தான். வேறொன்றும் இல்லை.

வந்தார்கள். சுகந்தி பெட்டியை வைத்துவிட்டு நோட்டைத்தான் எடுத்தாள். படித்தாள். இரண்டாம் தடவை படித்தாள். கேட்காமல் இருந்தால் நல்லது என்று நான் நினைத்ததையே கேட்டாள்.

"கேஸை மறந்தீங்க. மோட்டாரை மறந்தீங்க. இப்ப இது. உங்களை எப்படிப்பா தனியா விடறது?"

"மறக்கலை. தப்பாப் படிச்சேன். மறக்கறது வேற."

மாப்பிள்ளை நோட்டை வாங்கித் திங்கட்கிழமைப் பக்கத்தைத் திறந்தார். அவர் படிக்கிறவரைக்கும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னிடம் எதையும் கேட்காமல் அவளிடம் சொன்னார்.

"சுகி, அன்னிக்கு வெயிலுக்கு நாம வீட்டுல இருந்திருந்தா ரெண்டும் போயிருக்கும். கரண்ட் இல்லாம சூட்டை இறக்க எனக்குத் தெரியாது."

அன்று சாயங்காலம் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார்கள். வெளியே வந்ததும் மாப்பிள்ளை தொட்டியைக் காட்டி, மாமா, இதுகளை நீங்களே ஒண்டிப்புதூர் கொண்டு போயிடுங்க, எனக்குக் கரண்ட் போனாப் பாக்கத் தெரியலை என்றார். மனிதருக்குத் தன் அளவு தெரிந்துவிட்டது. நான் ஒப்புக்கொண்டேன்.

இரண்டு மாதம் ஆகிறது. என் படுக்கை அறையில்தான் தொட்டி. ஈ மட்டும் மகள் வீட்டிலிருந்துதான் வாங்கிப் போகிறேன். மாப்பிள்ளையே ஏசி மாட்டிக் கொடுத்தார். எனக்கு ஏசி ஆகாது. தவளைக்காகப் பொறுத்துக்கொண்டு தூங்குகிறேன். மாஸ்டர் போன மாதம் முட்டையிட்டார். மேஸ்திரிதான் பக்கத்தில் உட்கார்ந்து காவல். பேரை மாற்றவில்லை, பழகிவிட்டது.

மாப்பிள்ளை பாவம், தவளையைக் கொடுத்துவிட்டாரே தவிர, நிம்மதி இல்லை. காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஆறு என்று மூன்று வேளையும் நான் கணக்குச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் தாமதமானால் போதும், கூப்பிட்டுவிடுவார். ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்தேன், அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார். ஒரு தவளைக்கு இவ்வளவு பதற்றம் கூடாது. சொன்னால் கேட்பதில்லை.

மாதா மாதம் கட்டம் போட்டு அச்சடித்து அனுப்புகிறார். சூடு, ஈரம், தெளிப்பு, ஈ. சரி. அப்புறம் ஆபரேட்டர் சாப்பாடு, ஆபரேட்டர் மாத்திரை. எங்கள் மில்லில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. கேட்டேன். ஆபரேட்டர் கை நடுங்கினால் ரீடிங் பிசகும் என்றார். நியாயம்தானே? அடுத்த மாதம் அடுப்பு அணைத்தாயிற்றா, மோட்டார் நிறுத்தியாயிற்றா என்று இரண்டு கட்டம். அடுப்பு எரிந்தால் வீட்டில் சூடு ஏறும், தண்ணீர் வழிந்தால் ஈரம் ஏறும். என்னிடம் கற்றுக்கொண்டதுதான், இருந்தாலும் மூளை இருக்கிறது மாப்பிள்ளைக்கு.

இந்த மாதம் போட்டிருக்கிற கட்டம்தான் கொஞ்சம் அதிகம். ஆபரேட்டர் இன்று பேசிய ஆள். தவளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மனுசச் சத்தம் கேட்டுப் பழகினால்தான் தவளை மிரளாதாம். தெருவில் பேசினால் தவளைக்கு எப்படிக் கேட்கும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஈ கேட்டாலும் போதுமுங்க மாமா, அதைத்தானே தவளை திங்குது என்றார். எனக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனால் கட்டம் என்று இருந்தால் காலியாக விடக் கூடாது. பால்காரர் பேரையே நான்கு நாள் எழுதினேன். ஒரே பேர் செல்லாது, புது ஆள் வேண்டும் என்று சுகந்தி போன் பண்ணுகிறாள். அவளுக்கு எப்போதிருந்து தவளை மேல் இவ்வளவு அக்கறை வந்தது என்று தெரியவில்லை.

இருங்கள், சிங்காநல்லூர் அடுத்த ஸ்டாப். படியில் கூட்டம், மெதுவாக இறங்கலாம்.

இந்தப் பேனாவைப் பிடியுங்கள். கட்டம் இதுதான். உங்கள் பேரை நீங்களே எழுதிவிடுங்கள். இனிஷியலோடு. தெளிவாக எழுதுங்கள்.